தம்பிக்குச் சுடுதண்ணீர்

சித்திரை 9, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். கேஸ் புக் பண்ணணும். அம்மா மூன்று நாளாகக் கஞ்சியைத் தொடவில்லை. ஒரே பேச்சு: "தம்பிக்குத் தண்ணி ஊத்திட்டு வாத்தா. பச்சத்தண்ணி வேணாம். அவனுக்குக் குளுரும்."

தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. உச்சிப்புளிக்குக் கிழக்கே தண்டவாளத்தை ஒட்டிப் பன்னிரண்டு ரயில்வே வீடுகள். கிணறு உப்பு. குடிதண்ணீர் ரயிலில் வரும். கரி இஞ்சின் நின்றால் பெண்கள் அண்டாவோடு ஓடுவார்கள், டிரைவர் சுடுதண்ணீர் திறந்துவிடுவார். பிறந்த பிள்ளைக்கு ஏழாம் நாள் தலைக்கு ஊற்றுவது அதில்தான். தம்பி ஆறாம் நாளே போய்விட்டான்.

அய்யா தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். எதற்கும் கிலோமீட்டர் கல்தான் அடையாளம் அவருக்கு. தம்பியையும் ஒரு கல்லடியில் புதைத்தார். நம்பர் எனக்கு மனப்பாடம். அகலப்பாதை வந்தது, வீடுகள் போயின. அந்த ஊர் எனக்கு வேணும். எங்கே போய்க் கேட்பது.

வியாழன்

கடலாடியில் பஸ் ஏறி, ராமநாதபுரத்தில் மாறி, உச்சிப்புளி. பிளாஸ்க்கில் சுடுதண்ணீர். இப்போது அந்தப் பாதையை நடந்து பார்க்கிற கீமேன் முருகேசன் கூட வந்தார். ஒரே கருவேலம். அதே நம்பர் கல். ஊற்றினேன், அழுதேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அரை டம்ளர் கஞ்சி குடித்தாள்.

"கெணறு தெரிஞ்சுச்சா?"

அங்கே கிணறே இல்லை. "தெரிஞ்சுச்சும்மா" என்றேன்.

வெள்ளி

முருகேசனுக்குப் போன். "அக்கா, அகலப்பாதைக்குக் கல்லையெல்லாம் புதுசா அளந்து நட்டுட்டாங்க. பழைய எடம் இன்னும் கெழக்க."

முள்ளுக்கு ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். கேங்மேன் மகளுக்கு இதுகூடத் தெரியவில்லை. கஞ்சி நின்றுவிடுமோ என்று பயம், ஆனாலும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"கல்லு ஒங்கய்யாவுக்கு. நான் கெணத்துல இருந்து எட்டு வச்சு நடந்து எண்ணியிருக்கேன். வடக்க பதினேழு."

அய்யா வேலைக்குப் போனதும் தினமும் போவாளாம். இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை.

ஞாயிறு

கிணறு கிடைத்தது. தூர்ந்து, விளிம்பு மட்டும். வடக்கே எண்ணினேன். பதினாலாவது எட்டில் புதுப் பாதையின் ஜல்லி.

"வண்டி வர்ற நேரம்க்கா" என்று முருகேசன் கையை நீட்டி மறித்தார். ராமேஸ்வரம் வண்டி நிற்காமல் போனது. பிறகு, "ரெண்டு நிமிசந்தான்" என்றார்.

மூன்று எட்டு ஏறி ஊற்றினேன். ஜல்லிக்குள் உடனே இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டேன், பக்கத்து வீட்டு மகேசு போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்பத் தலைக்கும் ஊத்து. தலை தெக்க."

பிளாஸ்க்கில் ஒரு மூடி அளவு மிச்சம் இருந்தது.