புளியங்கொட்டைத் தோல் கஷாயம்

அன்பு மகன் அயானுக்கு, உன்மேல் ஸலாம் உண்டாகட்டும். அந்த டென்மார்க் குளிரிலும் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், இங்கே நானும் அத்தாவும் உன் தங்கை ஜாஹிராவும் சுகம். போனில் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் கடிதம். அன்றைக்கு நம் பழக்கடையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: நாம் கொண்டுபோன கொய்யாவில் ஸ்பிரிட் கிடையாது, அந்தக் கஷாயத்தை என் அடுப்பில் வெந்நீரில்தான் காய்ச்சினோம்.

நீ லீவில் வந்திருந்தபோது, நம் கடைக்குக் கொய்யா போடுகிற அடி அண்ணாமலை ஊர் வல்லரசு வீட்டில், புளி உடைத்தபின் குப்பையாகக் கிடந்த கொட்டையை நீ மூட்டையாகக் கொண்டுவந்தாய். வறுத்து, இடித்து, தோலைப் புடைத்துக் கொடுத்தவள் நான். கொதித்ததும் டிக்காஷன் போலச் சிவந்தது. தோலில் இருக்கும் துவர்ப்புதான் பழம் கெடுவதைத் தள்ளிப்போடும் என்றாய், உள்பருப்பை மாவாக்கிக் காய்ச்சிய கூழ் மெல்லிய சவ்வாக மூடிக்கொள்ளும் என்றாய். இரண்டையும் கலந்து கொய்யாக்களை முக்கி ஃபேனுக்கு அடியில் உலர்த்தினோம். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள், உன் பாடப் புத்தகங்களை நீ தூங்கிய பிறகு படித்தே வளர்ந்தவள் நான், எனக்கு அது நன்றாகவே புரிந்தது. இது கைகூடினால் வேங்கிக்காலில் நமக்கிருக்கும் காலி மனையில் ஒரு ஷெட் போட்டு இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று கூழைக் கிளறிக்கொண்டே சொன்னாய். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு படி கொட்டையை வறுக்கப் போட்டேன்.

நோன்பு நேரம், அஸர் தொழுகை முடிந்து கடையில் கூட்டம். நாம் இருவரும் கொண்டுபோன கூடையைப் பார்த்ததும் அத்தா முகம் மலர்ந்துதான் கேட்டார், பழத்துக்குப் பூசும் இந்தச் சாற்றை எப்படி எடுக்கிறீர்கள் என்று. நீ உண்மையைச் சொன்னாய், “காலேஜ்ல ஸ்பிரிட்லதான் எடுப்போம் அத்தா, அப்புறம் அது ஆவியாயிடும்.” அதோடு இது வெந்நீரில் எடுத்தது என்றும் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் வல்லரசு வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், “பாய், இனிமே உங்க கொய்யாவ தின்னா கிரிவலம் ரெண்டு சுத்து ஜாஸ்தியாவே சுத்தலாம்” என்றார். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அத்தாவால் தாங்க முடியவில்லை. “அன்வர் பாஷா கடைப் பழம்னு நம்பி நோன்பு தொறக்க வாங்குறாங்கடா. அதுல சாராயத்த ஊத்திட்டு வந்து நிக்கிறியே” என்றார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நாலு ஆம்பிளைகள் நடுவில் எதற்கு, வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். உனக்கும் ரோஷம், காது கொடுத்துக் கேட்காதவரிடம் எதற்கு விளக்கம் என்று இறங்கிப் போய்விட்டாய்.

நோன்பு திறக்கும்போது நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆறட்டும் என்று விட்டேன். பெருநாள் முடிந்ததும் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினாய், பஸ் ஸ்டாண்டிலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினேன். கதைப் புத்தகங்களில் வரும் அம்மாக்கள் சரியான நேரத்தில் வாயைத் திறந்துவிடுகிறார்கள், எனக்கு அந்தப் பக்கம் தாண்டிய பிறகுதான் வார்த்தை வருகிறது. டென்மார்க்கிலேயே நாலு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற உன் செய்தியை அத்தா இரண்டு தடவை படித்தார். மறுவாரமே, உனக்கென்று வைத்திருந்த அந்த மனையைக் கார் மெக்கானிக் ஒருவருக்கு வாடகைக்குப் பேசி முடித்தார், என்னிடம் கேட்கவில்லை.

நாம் கூழில் முக்கியெடுத்த கொய்யாவில் கொஞ்சம் சமையலறையிலேயே வைத்திருந்தேன். முக்காதவை பழுத்துக் கொழகொழத்துத் தூக்கிப் போட்ட பிறகும் அவை கெட்டியாக இருந்தன. அதை உனக்கு அன்றே எழுதியிருக்க வேண்டும்.

குளிருக்கு மார்பை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. வெள்ளிக்கிழமையாவது அத்தாவுக்குப் போன் போடு, அவராகப் போடமாட்டார், வந்தால் எடுப்பார். உன் கை தொட்டதில் எல்லாம் இறைவன் பரக்கத் தரட்டும், என் துஆ எப்போதும் உனக்கு உண்டு.

நேற்று ராத்திரி அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெந்நீர்லயா?” என்று ஒரே தடவை கேட்டார். காலையில் டீகூடக் குடிக்காமல் வேங்கிக்காலுக்குப் போனார். அங்கே மெக்கானிக் ஷெட்டின் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள்.

உன் அம்மா,
ஜீனத்