மூன்றாவது ஓலை

ஏரியூர்
12-5-1986

அன்புத் தம்பி செபாஸ்டினுக்கு அக்கா ராஜமேரி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத முழங்கால் விடவில்லை. மழையும் இல்லை.

உன் கார்டு வந்தது. சனிக்கிழமை காலேஜ் ஜீப்பில் வந்து பிலவேந்திரனைப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம், சாமி.

சின்ன வயதில் தறுதலையாகத் திரிந்த நம் ஊர்ப் பையன்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வருஷா வருஷம் வந்து கேட்கிறாய். அதற்குத்தான் டாக்டர் பட்டம், மெட்ராசில் பேராசிரியர் வேலை. எனக்கும் பெருமைதான். ஆனால் நீ போய் உட்கார்ந்த வீடெல்லாம் ஊருக்குத் திருட்டு வீடாகிவிடுகிறதே! போன வருஷம் நஞ்சப்பன் வாசலில் ஜீப் நின்றது. அவன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்கள். அவன் அம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பிலவேந்திரன் கிணற்று மோட்டாரைத் திருடி ஜெயிலுக்குப் போனது உனக்குத் தெரியாததா? இப்போது பென்னாகரத்தில் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறான். அரூர்ப் பக்கத்துச் சவரிமுத்து மகள் ஞானமேரியை அவனுக்குப் பேசி முடித்ததே நான்தான். பெண்ணிடமும் அவள் அப்பாவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன், சம்மதித்தார்கள். அவள் சித்தப்பாமார்களுக்குத்தான் தெரியாது. கோயிலில் கல்யாண ஓலை இரண்டு தடவை வாசித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது. தடை ஏதும் உண்டா என்று சாமியார் கேட்பார். முந்தின நாள் உன் ஜீப் அவன் வாசலில் நின்றால், பூசைக்கு முன்னால் சேதி அரூர் போய்ச் சேர்ந்துவிடும்.

திருந்தினவனையும் பார்த்தால்தான் ஆராய்ச்சி முழுமையாகும் என்கிறாய். குறையாகவே இருக்கட்டுமே. எத்தனை பேருக்குத்தான் நான் பதில் சொல்வது? அலுத்துவிட்டது தம்பி.

நீ வருவதை அவனிடம் சொன்னேன். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டான். அந்தத் திருட்டப் பத்தி என்னை அடிக்காமக் கேட்டவங்க செபாஸ்டின் அண்ணன் ஒருத்தருதாங்க்கா, அவங்க வந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லிருவேங்க, எனக்கு மறைக்க வராதுங்க என்றான். டியூபை மறுபடி எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வரச் சொல்லுங்க, பந்தியில எம் பக்கத்துல உக்காரட்டும் என்றான்.

கல்யாணம் 28ஆம் தேதி. பஸ்ஸில் வா. பேனா வேண்டாம், மொய்கூட நானே எழுதிக்கொள்கிறேன்.

உன் வேலை ஓங்க மாதாவிடம் தினமும் வேண்டிக்கொள்கிறேன். அவனை மட்டும் விட்டுவிடு ராசா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா ராஜமேரி