கயிறு யார் கையில்

1946, பிப்ரவரி. வியாழன் இரவு.

தூக்கம் வரவில்லை. அண்ணனின் கூட்டாளி சூசை கொடுத்தனுப்பிய மாயக்கதை நாவலை முக்கால்வாசி முடித்துவிட்டேன். கடலுக்கடியில் நாகலோகம், பேசும் சுறா, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இளவரசன் சரியான ஊமை. படகுக்காரன் மகளைப் பார்க்கிறான், பெருமூச்சு விடுகிறான், அத்தியாயம் முடிந்துவிடுகிறது. எனக்கு எரிச்சலாக வந்தது.

அதைவிட மோசம், நாகலோகத்துக்குக் குதிக்கும்போது தன் இடுப்புக் கயிற்றை மந்திரி மகனிடம் கொடுக்கிறான். அவன் பாதியில் விட்டுவிடுகிறான். எங்கள் கடற்கரையில் யாராவது இப்படிச் செய்வார்களா? கடலில் மூழ்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்துக்கொண்டே நிற்பான், கை தளராது.

சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஏளா, நாளைக்குச் சங்கு குளிக்கப் போறோம். சூசை அவன் கயித்த என்னயப் பிடிக்கச் சொல்லுதான். வீட்ல கேட்டுட்டு வான்னான்."

அம்மா கையில் அகப்பை அப்படியே நின்றது. சூசைக்கு இன்னும் கல்யாணமாகவில்லை; இதுவரை அவன் அப்பாதான் கயிறு பிடித்தார். சூசை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. புத்தகம் மட்டும்தான் வரும்.

"நான் என்னளா சொல்லட்டும்?" என்றான் அண்ணன்.

தட்டிலிருந்த மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "இறுக்கிப் பிடிண்ணே."

இளவரசன் இன்னும் நாகலோகத்திலேயே கிடக்கிறான். கிடக்கட்டும். நாளை சூசை கரையேறி வரட்டும், பிறகு படிக்கிறேன்.