ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள்

கருமத்தம்பட்டி,
17.8.1997

அன்புள்ள கிருபாசங்கர் அண்ணாவுக்கு,

லோகப்பிரியா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அத்தையும் அக்ஷயாவும் இருக்கிறோம். நீங்கள் சுகமாக இருப்பது தெரியும். வெளியீட்டு விழாவில் மாலையும் கழுத்துமாக நிற்கும் உங்கள் படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள். பெங்களூர்த் தண்ணீர் உங்களுக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது.

இதற்கு முன் மூன்று கடிதம் போட்டேன். மூன்றிலும் ஒரே கேள்விதான்: என் வீட்டுக்காரருடைய டைரிகளை எப்போது திருப்பித் தருவீர்கள்? கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒன்றுக்கும் பதில் இல்லை. பதிலுக்குப் பார்சல் சர்வீசில் பத்துப் புத்தகம் வந்து இறங்கியது. பாட்டு ஏதாவது எழுதி வைத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு ஒரே மாதத்தில் தருகிறேன் என்று சொல்லித்தானே ஆறு டைரியையும் மஞ்சள் பையில் வாங்கிப் போனீர்கள்? ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் ராக் குழுப் பேரை அவர் பேருக்கு முன்னால் ஒட்டி, 'பாபின்ஸ் மனோஜின் நாட்குறிப்புகள்' என்று இருநூற்று இருபது பக்கத்துக்கு அவை கடையில் விற்கின்றன. என் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

புத்தகம் நன்றாகத்தான் அச்சாகியிருக்கிறது. அட்டையில் அவர் கிதாரோடு, பாதி முகம் இருட்டில். அன்று தறிக்குடோனில் ஒரு பல்பு போய்விட்டது, அவ்வளவுதான். அந்த இருட்டுக்கு நீங்கள் முன்னுரையில் ஒரு பாரா எழுதியிருக்கிறீர்கள்.

டைரி என்றால் மனிதன் எதையும் எழுதுவான். அச்சில் போடுகிறவர்தான் யோசிக்க வேண்டும். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாம்பார் ஒரே உப்பு என்று அவர் எழுதியதை நாற்பத்தேழாம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களே, ராக் இசைக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம்? ஆடிப் பதினெட்டுக்கு நாத்தனார் வரவில்லை. போன் செய்தால், உப்புக்காரி வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று வைத்துவிட்டார்.

இது போதாதென்று சனிக்கிழமை தவறாமல் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். அவர் உட்கார்ந்து வாசித்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டு தறி ஓடும் சத்தத்தில் வாசித்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வர மாட்டார்கள் என்றுதான் அவர் குடோனில் உட்கார்ந்தார். கரண்ட் போனால் தறியும் நிற்கும், கிதாரும் நிற்கும், வீட்டுக்குள் வந்து மோர் கேட்பார். இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிடுகிறது. ஒருவன் தறியில் ஊடை நூலோடு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். தறி ஓட்டும் வெங்கடபதி என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, இப்படியே போனா அடுத்த வாரம் தறியையே கழட்டிட்டுப் போயிருவாங்களாட்ட இருக்குதுங்க" என்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன் அண்ணா. நான் எழுத வந்தது வேறு.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் ஒரு சிற்றிதழைக் கொண்டுவந்து காட்டினான். அதில் உங்கள் புத்தகத்துக்கு விமர்சனம். "சத்தத்துக்குள் இன்னொரு சத்தமாக நானும் ஓடிக்கொண்டிருக்கிறேன். நான் பேசுவது இந்த வீட்டில் யாருக்குக் கேட்கிறது?" என்ற வரியை எடுத்துப் போட்டு, தன்னைப் புரிந்துகொள்ளாத ஊரில் ஒரு கலைஞனின் ஓலம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அது என் வரி. மிக்சி ரிப்பேராகி மூன்று வாரம் ஆகியும் அவர் எடுத்துப் போகவில்லை என்ற ஆத்திரத்தில் எழுதியது.

மோட்டார் பம்ப் கம்பெனிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். வீட்டுக்கு ஒன்றுதான். அது டி.வி. மேல் கிடக்கும். அவர் திங்கள் முதல் சனி வரை எழுதுவார். ஞாயிறு காலை கிதாரைத் தூக்கிக்கொண்டு துடியலூரில் உங்கள் அப்பா வீட்டு மாடிக்கு வந்தால், இருட்டிய பிறகுதான் திரும்புவார். வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ஞாயிற்றுப் பக்கம் காலியாக இருக்கும். அதில் நான் எழுதினேன். முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும், எழுதி வைத்தால் படிக்கிறவர் படிக்கட்டும் என்று. படித்தீர்களா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மிக்சி மட்டும் அந்த வாரம் சரியாகி வந்தது.

டைப் அடித்தவருக்கு எது யார் கையெழுத்து என்று தெரியாது, சரி. உங்களுக்குமா? அவர் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். என்னுடையது பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய எழுத்து. டைரியைத் திறந்தே பார்க்காமல் அச்சுத் தாளை மட்டும் திருத்தியிருக்கிறீர்கள். அதையும் விடுங்கள். பத்து வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் உங்களோடுதானே இருந்தார்? நீங்கள் டிரம்ஸ் அடிக்க, அவர் வாசிக்க, எந்தக் கையால் அண்ணா டைரி எழுதியிருப்பார்?

இப்போது நூற்றுத் தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு வருகிறேன். 16.10.94. "இனி என்னால் முடியாது. நான் போகிறேன். தடுக்க வேண்டாம். ஆனால் ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்." இதைப் போட்டுவிட்டு, தன் முடிவை ஒரு மாதம் முன்பே எடுத்துவிட்டவனின் விடைபெறல் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள். எடுத்துவிட்டவன்! நவம்பரில் ஒரு நாள் சோமனூரில் பாவு நூல் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பியவர், பின் விளக்கு எரியாமல் ரோட்டோரம் நின்ற லாரியில் மோதினார். ஆஸ்பத்திரிக்கு என்னோடு ஓடி வந்தவர் நீங்கள். அந்தக் கையால் இதை எழுத எப்படி மனம் வந்தது?

அத்தை மதிய நேரத்தில் அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்து வந்தார். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏனம்மணி, எம்பையன் தெரிஞ்சேதான் போயி உழுந்துபோட்டானா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். புத்தகத்தில் போட்டிருக்குதே என்றார். இரண்டு நாள் சோறு தொடவில்லை. நாத்தனாரும் வந்து வாசலில் நின்று, அண்ணன் அப்படிப் போகும்படி இந்த வீட்டில் என்ன நடந்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். உப்புக் கோபம் எல்லாம் மறந்துவிட்டது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மகள் பெரியவளாகி அந்தப் பக்கத்தைப் படிப்பாள், அப்பா தானாகச் செத்தார் என்று நம்புவாள். வாயைத் திறந்தால் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலை அத்தையின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அதை எழுதியது நான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவிநாசியில் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று எழுதினேன், திரும்பி வருகிற எண்ணத்தில் எழுதவில்லை என்றேன். எழுதிய மறுநாள், திங்கட்கிழமை, அக்ஷயாவோடு பஸ் ஏறியதையும் சொன்னேன். அம்மாவைப் பார்த்து வருகிறேன் என்று அன்று அத்தையிடம் பொய் சொல்லியிருந்தேன்.

அத்தை முதலில் கேட்டது, "அப்ப அவனாப் போகலையில்ல கண்ணு?" என்றுதான். இல்லீங்கத்தை என்றேன். அப்போதுதான் அழுதார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் போன நாலாம் நாள், வியாழக்கிழமை, அவர் பைக்கில் அவிநாசிக்கு வந்தார். காபி குடித்தார். அப்பாவிடம் நூல் விலை பேசினார். பிறகு என்னிடம், "போலாமா அம்மணி, மழை வர்றாப்ல இருக்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். அத்தைதான் மருமகளைக் கூட்டி வா என்று அனுப்பியிருப்பார் என்று இந்த மூன்று வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதையும் அன்றைக்கே அத்தையிடம் சொன்னேன். "நான் எங்க கண்ணு அனுப்புனேன்? நீ பஸ் ஏறுன அன்னைக்கே நானும் பழனிக்குப் போயிட்டனல்ல, வியாழக்கெழம நான் திரும்பி வர்றப்ப அவன் வூட்டுலயே இல்லியே" என்றார்.

எனக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். ஒன்று, அடுத்த பதிப்பில் முன்னுரையில் அந்த விடைபெறல் பாராவை எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் மனைவி எழுதியவை என்று தெளிவாகப் போடுங்கள். கட்டினவனை விட்டுப் போகப் பார்த்தவள் என்று ஊர் என்னைப் பேசட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். செய்யாததைச் செய்தார் என்ற பேர் அவருக்கு வேண்டாம்.

இன்னொன்று. என் அந்தப் பக்கத்துக்குக் கீழே மூன்று புள்ளி வைத்துவிட்டு, நேரே 24ஆம் தேதிக்குப் போயிருக்கிறீர்கள். 17, 18, 19, 20 என்ன ஆயிற்று? பக்கம் காலியாக இருந்ததால் விட்டீர்களா? அல்லது சாம்பார் மாதிரி ஏதோ வீட்டு விஷயம், இதற்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு தடவையாவது நல்ல புத்தி வந்து வெட்டினீர்களா? அவர் போன பிறகு அந்த டைரியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கேட்டதும் திறக்காமலே பையில் போட்டுக் கொடுத்தேன். அது என் மடத்தனம், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை நம் நரசிம்மலு துணி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் வருகிறார். உங்கள் வீட்டு விலாசம் கொடுத்திருக்கிறேன். 94 டைரியை மட்டுமாவது அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மற்ற ஐந்தையும் வேண்டுமானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே போன் செய்து அதில் இது இருக்கிறது, அது இல்லை என்று எதுவும் சொல்ல வேண்டாம். அந்த நாலு பக்கம் காலியாக இருந்தாலும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் அவிநாசியப்பர் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருங்கள் அண்ணா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
லோகப்பிரியா