பதினெட்டு நாட் பிழை

அனுப்புநர்:
மீராசாஹிபு சாலிஹ்,
பள்ளிவாசல் மோதினார்,
கடற்கரை வீதி,
கல்முனைக்குடி.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி கந்தோர்,
கல்முனை.

விடயம்: என் மனைவியின் கிளினிக் அட்டையிலுள்ள பிழையான திகதியை இன்றே திருத்தி, பத்து நாட் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளையெனப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிவைக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் பதினொரு வருடங்களாகப் பள்ளிவாசலில் மோதினாராகக் கடமை புரிகின்றேன். தொழுகைக்கு அழைப்பதும், பிறை கண்ட செய்தியைக் கரும்பலகையில் எழுதுவதும், இன்று பிறை எத்தனை என்று சந்தேகப்பட்டு வருவோருக்குக் கணக்குச் சொல்வதும் என் வேலை. பெருமைக்காக இதை எழுதவில்லை. கீழே சொல்லப்படும் பிழை எங்கிருந்து வந்தது என்பது தங்களுக்கு விளங்கவேண்டும். புகார் மனுவில் எதிராளியின் பெயர் முதலில் வருவது வழக்கம். இம்மனுவில் முதலாவது எதிராளி நானே.

2. என் மனைவி சுஹறா இம்மாதம் 22ஆந் திகதி திங்கட்கிழமை காலை ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். கலியாணம் முடித்து ஐந்து வருடங்களின் பின் கிடைத்த முதற் பிள்ளை. நிறை நாலு இறாத்தல் பத்து அவுன்ஸ். கிளினிக் அட்டையின்படி வயிற்றில் முப்பத்தேழு கிழமையும் இரண்டு நாளும் இருந்திருக்கின்றது. முப்பத்தேழு நிறைந்தால் வைத்தியசாலைக் கணக்கில் அது நிறைமாதப் பிள்ளை. ஆகவே மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். பிள்ளை ஏன் சிறிதாக இருக்கின்றது என்று கேட்டதற்குத் தாதி என் மனைவியிடம், “மாசம் நிறைஞ்ச புள்ளதான். நீங்கதான் ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க” என்றார். சுஹறா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சாப்பிட்டாள், ஐயா. சோறும் மீனும் கீரையும் ஒரு நாளும் குறைவில்லாமல் சாப்பிட்டாள். அதற்கு நானே சாட்சி.

3. வீட்டுக்கு வந்த முதல் ஐந்து நாளும் நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கின்றது. பிள்ளை அழவில்லை. பாலுக்கு எழுப்பினால் நாலைந்து வாய் உறிஞ்சிவிட்டு உறங்கிப்போனாள். கந்தூரிக் கொடி ஊர்வலம் எங்கள் வேலியோரமாகப் போனது. பக்கீர்மார் றபான் அடித்துப் பாடினார்கள். தெரு முழுவதும் ஒலிபெருக்கி. பிள்ளை கண் திறக்கவில்லை. பார்க்க வந்த பெண்கள், “இப்படி ஒரு அமைதியான புள்ளயக் கண்டதில்ல, குடுத்து வெச்ச தாய்” என்று புகழ்ந்தார்கள். நானும் உச்சி குளிர்ந்துபோய் நின்றேன். பிள்ளைக்கு அழுவதற்கும் பெலன் இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏழாம் நாள் முடி இறக்குவதற்கு ஒஸ்தா மாமா கத்தியுடன் வந்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் தலையைப் பிடித்த கை அவருடையது. என் மகளின் தலையைத் தொட்டவுடன் கையை எடுத்துக்கொண்டார். “மோதினார், புள்ளட தல குளிருது. கண்ணும் மஞ்சளாக் கெடக்கு. நான் கத்தி வெக்கமாட்டன்” என்று சொல்லிக் கத்தியை உறையில் போட்டுவிட்டார். பிள்ளைக்குச் சுகமில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவரே.

4. மறுநாள் 29ஆந் திகதி வெளிநோயாளர் பிரிவுக்குக் கொண்டுபோனோம். எந்த வைத்தியசாலை, கடமையில் யார் என்பதை இங்கு எழுதவில்லை. எவருடைய வேலைக்கும் உலை வைக்க நான் வரவில்லை. நிறுத்துப் பார்த்ததில் நாலு இறாத்தல் ஒரு அவுன்ஸ். ஒரு கிழமைக்குள் ஒன்பது அவுன்ஸ் குறைந்துவிட்டது. மஞ்சள் பாதம் வரை இறங்கியிருந்தது. குறைமாதப் பிள்ளைகளைச் சூட்டுப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் அறை பெரிய வைத்தியசாலையில் இருப்பதாக அறிந்து, அங்கு அனுப்பத் துண்டு தரும்படி கேட்டேன். கடமையிலிருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, “இது குறைமாசமில்ல. அந்த அறை குறைமாசத்துக்குத்தான். காலை வெயிலில காட்டுங்க, மாப்பால் கரைச்சுக் குடுங்க” என்றார். அவர்மீது எனக்குக் கோபம் உண்டு. பிள்ளையை ஒரு தடவை தொட்டாவது பார்த்திருக்கலாம். ஆயினும் அவர் கையிலிருந்த தாளில் முப்பத்தேழு கிழமை என்றுதான் இருந்தது.

5. வீட்டுக்கு வந்து, மாதம் நிறைந்த பிள்ளைக்கு ஏன் இந்த நிலை என்று நான் வாய் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். சுஹறா பிள்ளையை மடியில் வைத்தபடி, “மாசம் நெறயல்ல. பதினெட்டு நோன்பும் நான் புடிச்சன்தானே. பத்தொன்பதில இருந்துதானே விட்டன்” என்றாள்.

இதை ஒரு கந்தோருக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கின்றது. ஆனால் வெட்கத்தினால்தான் இவ்வளவும் நடந்தது, ஆகவே எழுதுகின்றேன். எங்கள் பெண்கள் மாதவிலக்கு நாட்களில் நோன்பு பிடிப்பதில்லை. அப்படி விட்ட நோன்புகளை எண்ணிவைத்துப் பின்னர் பிடித்துத் தீர்ப்பது கடமை. அது கழா நோன்பு எனப்படும். சென்ற வருடம் றமழானில் சுஹறா விட்டது ஆறு நோன்பு. அடுக்களைச் சுவரில் கரியால் ஆறு கோடு போட்டு வைத்திருக்கின்றாள். பெருநாளைக்குப் பின் அடுத்த வீட்டுச் சல்மா உம்மாவுடன் சேர்ந்து நாலைத் தீர்த்து, நாலு கோட்டை வெட்டினாள். பிறகு வாந்தி தொடங்கிவிட்டது. இரண்டு கோடு இன்னும் வெட்டப்படாமல் இருக்கின்றது. அந்தப் பத்தொன்பதாம் நோன்பு 1981 யூலை 22ஆந் திகதி. அதற்குப் பின் அவளுக்கு விலக்கு வரவில்லை.

6. அவ்வாறாயின் அட்டையில் யூலை 4 என்று வந்தது எப்படி? சென்ற நவம்பரில் கிளினிக்கில் பதிவு செய்தபோது மருத்துவமாது திருமதி கனகரெத்தினம் என் மனைவியைப் பார்த்து, “கடைசியா எந்தத் திகதி, மகள்?” என்று கேட்டார். அந்நிய ஆண்கள் இருவர் அங்கு நின்றதனால் சுஹறா வாய் திறக்கத் தயங்கினாள். நான் முந்திக்கொண்டு, “நோன்பு மாசம், மிஸி. தலப்பிறையிலிருந்து எண்ணுங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் மாதத்தைப் பிறைக் கணக்கில்தான் சொல்வார்கள். நடுவில் தொடங்கினாலும் அந்த மாதம் முழு மாதமாகவே எண்ணப்படும். றமழானின் முதல் நாளான தலைப்பிறை என்ன திகதி என்று அவர் கேட்டார். அதற்கும் நானே பதில் சொன்னேன். யூலை 4. அவர் எழுதினார். பதினெட்டு நாள் கூடிவிட்டது. உண்மைக் கணக்கில் என் மகள் பிறந்தது முப்பத்துநாலு கிழமையும் ஐந்து நாளும் நிறைந்த அன்று. இன்னும் ஐந்து கிழமைக்கு மேல் அவள் வயிற்றில் இருந்திருக்கவேண்டும்.

தெரிந்திருந்தும் அன்று ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்டேன். “நீங்கதானே கதைச்சிட்டிருந்தீங்க” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

7. நேற்று 30ஆந் திகதி காலை இந்த விபரத்துடன் மீண்டும் வைத்தியசாலைக்குச் சென்றேன். பிரசவம் முடிந்த பின் அட்டையை மாற்ற முடியாது, துண்டு வேண்டுமென்பதற்காகத் திகதி சொல்கின்றீர்கள் என்றார்கள். பதினொரு வருடமாக நான் சொல்லும் பிறையை நம்பி ஊர் பெருநாள் கொண்டாடுகின்றது. என் பிள்ளையின் திகதியை மட்டும் எவரும் நம்பவில்லை. அங்கிருந்து நேரே திருமதி கனகரெத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னுடன் வந்து, பிள்ளையைத் துணியில் தொங்கவிட்டு நிறுத்தார். சரியாக நாலு இறாத்தல். அடுக்களைச் சுவரையும் பார்த்தார். விரல் மடித்து எண்ணிவிட்டு, “ஓம், முப்பத்தஞ்சும் நிறையல்ல. நான் உங்கட மனிசியிட்டத்தான் கேட்டிருக்க வேணும்” என்றார். அட்டையில் வெட்டி எழுதும் அதிகாரம் தமக்கு இல்லையென்றும், தங்களிடம் உடனே போகும்படியும் கூறினார்.

8. அவர் சொன்ன வேறு சில விடயங்களையும் எழுதவேண்டும், ஏனெனில் அவற்றை நம்பித்தான் நேற்றிலிருந்து நாங்கள் மூச்சு விடுகின்றோம். சில கிழமை முந்திப் பிறந்த பிள்ளை பார்வைக்கு முழுப் பிள்ளை போலவே இருக்குமாம். அதுதான் எல்லோரையும் ஏமாற்றுகின்றதாம். உடம்பில் கொழுப்புப் போதாததால் சூடு தங்காது. உறிஞ்சி முடிப்பதற்குள் களைத்துவிடும். பால் போதாமல் நிறை இறங்கும், நிறை இறங்க மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏற இன்னும் உறங்கும். ஆனால் இந்த முதற் கிழமைகளைச் சூட்டோடும் தாய்ப்பாலோடும் தாண்டிவிட்டால், இப்படிப்பட்ட பிள்ளைகளில் அநேகர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்கூடம் போவார்கள் என்றார். நடக்கவும் கதைக்கவும் ஒரு மாதம் பிந்தினால் பயப்படக் கூடாது, பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்கவேண்டிய நாளிலிருந்து எண்ணவேண்டும் என்றும் சொன்னார்.

அவர் காட்டியபடி சுஹறா பாலைக் கோப்பையில் பீய்ச்சி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறு கரண்டியால் புகட்டுகின்றாள். நேற்று ஆறு கரண்டி விழுங்கிய பிள்ளை இன்று காலை மூன்றோடு வாயை மூடிக்கொண்டாள். நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை இரண்டு துணிதான் நனைந்தது. எனக்குப் பயமாக இருக்கின்றது, ஐயா.

9. துண்டு இல்லாமலே பெரிய வைத்தியசாலைக்குப் போயிருக்கலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். அங்கும் இந்த அட்டையைத்தான் கேட்பார்கள். இதே திகதியைப் பார்த்து அவர்களும் வெயிலில் காட்டும்படி சொல்லித் திருப்பிவிட்டால், அந்தத் தூரத்தைத் திரும்பி வரும் பெலன் பிள்ளையிடம் இல்லை.

10. ஆகவே நான் கேட்பவை:

(அ) அட்டையில் 04.07.1981 என்பதை வெட்டி, 22.07.1981 என எழுதித் தாங்கள் ஒப்பமிடல் வேண்டும்.

(ஆ) ஐந்து கிழமை முந்திப் பிறந்த பிள்ளை, நிறை இறங்குகின்றது, மஞ்சள் பாதம் வரை உள்ளது எனத் தங்கள் கைப்பட ஒரு துண்டு தரவேண்டும். முதலாவதும் இதுவும் இன்றைக்கே, இந்த மணித்தியாலத்துக்கே உரியவை.

(இ) இது நாளைக்குப் போதும்: எங்கள் ஊர்க் கிளினிக்குகளில் திகதி கேட்கும்போது புருஷனை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடமே கேட்கும்படி பணிக்கவேண்டும். திகதி தெரியாதென்றால், எத்தனையாவது நோன்பை விட்டாய் என்று கேட்கலாம். அதை ஒருத்தியும் மறக்கமாட்டாள்.

11. இம்மனுவைத் தபாலில் அனுப்ப நேரமில்லாததால் நானே கொண்டு வந்திருக்கின்றேன். ஆதம்பாவாவின் வாடகைக் கார் தங்கள் கந்தோர் வாசலில், பெரிய வைத்தியசாலைப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றது. காற்றுப் படாமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பின் ஆசனத்தில் சுஹறா பிள்ளையுடன் இருக்கின்றாள். தாங்கள் ஒரு நிமிடம் இறங்கி வந்து பிள்ளையைத் தொட்டுப் பாருங்கள். திகதியில் சந்தேகம் இருந்தால் அவளிடமே கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை நான் தெருவின் மறுபக்கத்தில் நிற்பேன்.

தங்கள் கையொப்பத்திற்காகக் காத்து நிற்கும்,

(ஒப்பம்) மீ. சாலிஹ்

கல்முனைக்குடி,
31.03.1982, புதன்கிழமை.

இணைப்பு: கிளினிக் அட்டை ஒன்று.

யூலை 22 என்ற திகதி நான் சொன்னது. அது சரி.
(ஒப்பம்) சுஹறா