பருப்பு டப்பாவுக்குள் மாத்திரை

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் சுகமா? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

கப்பலில் பயணிகளுக்கு ஆலோசனை சொல்லும் மேசையில் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையே, நம்புவீர்களா? மாதக்கணக்கில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம், பணத்தை ஒரே பையில் வைக்காதீர்கள், கரையில் இறங்கினால் இன்சூரன்ஸ் தாளைக் கையோடு கொண்டுபோங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். போன வாரம் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. வழியில் ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பயப்படாதீர்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் இதய நோயைப் படிவத்தில் மறைத்திருந்ததால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்னு சொல்லிட்டு நோய் இல்லைன்னு எழுதினாரும்மா" என்றார் அவர் மனைவி, நீங்கள் சொல்வதைப் போலவே. கப்பல் கிளம்பும்போது அந்த அம்மா இரண்டு பெட்டிகளோடு கரையில் தனியாக நின்றார்.

உங்களுக்காக நான் எடுக்கும் இன்சூரன்ஸ் படிவத்தில் நீங்களும் நோய் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பருப்பு டப்பாவுக்குள் சர்க்கரை மாத்திரை இருப்பது எனக்குத் தெரியும் அப்பா. நோயைச் சொன்னால் நான் கட்டும் தவணை கூடும், நான் வீடு திரும்புவது தள்ளிப்போகும் என்றுதானே மறைத்தீர்கள்?

உள்ளதை எழுதி அனுப்புங்கள். இன்னும் ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன். அம்மா என் போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறாளாம். மறுபடி பெட்டிக்குள் வைத்துவிடச் சொல்லுங்கள். மேசைக்கு ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்