இரண்டாவது டிஸ்க்கில் இருந்த முகத்துவாரம்

என் உயிரான மாமாவுக்கு,

யோவ், கோபத்தில்தான் எழுதுகிறேன். செத்தவனிடம் கோபப்படக் கூடாதாம், உன் அக்கா சொல்கிறாள். படாமல் எப்படி இருப்பது? நீ போய் இருபத்திரண்டு நாள். நம் ஜெராக்ஸ் கடையை நேற்றுதான் திறந்தேன்.

கடை கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க் போட்டிருந்தாய். ஒன்றில் விண்டோஸ், கடை வேலைக்கு. மற்றதில் லினக்ஸ், உன் படங்களுக்கு. கண்டவன் பென் டிரைவில் வரும் வைரஸ் அதைத் தொடக் கூடாதென்று தனியாக வைத்தாய். ஆன் செய்ததும் எதற்குள் போகட்டும் என்று திரையில் இரண்டு வரி வரும். மேல்வரி எனக்கு, கீழ்வரி உனக்கு.

உன் வரிக்குள் ஆறு வருஷம் இருந்தது. விடியற்காலையில் உன் அண்ணன் படகில் போய் முகத்துவாரத்தை எடுத்த படங்கள். முதலில் பச்சைத் தண்ணீர், கூடை நிறைய இறால். பிறகு அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல். அந்தச் சாம்பலைப் பற்றித் திங்கட்கிழமை நடக்கும் விசாரணையில் நம் நெட்டுக்குப்பத்துக்காரர்கள் காட்ட வேறு சாட்சி இல்லை.

உன்னைத் தூக்கிப்போனதும் வழக்கப்படி பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். கடையும் அதே வீடுதானே. தண்ணீர் பட்டுவிடப் போகிறது என்று நல்ல மனசோடு யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். உள்ளே இருந்த குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டதாம். கரண்ட் நின்றதும், எந்த டிஸ்க்கில் தொடங்குவது என்று நீ செய்துவைத்த ஏற்பாட்டைக் கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. அதனால்தான் யுபிஎஸ் வாங்கி வைத்து, என்னைப் பிளக்கைத் தொட விடவில்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி?

நேற்று அந்த இரண்டு வரி வரவில்லை. நேராக விண்டோஸ்தான் வந்தது. படங்களைத் தேடி, பெயர் இல்லாமல் இருந்த டிஸ்க்கைத் தட்டினேன். ஃபார்மட் செய்தால்தான் திறக்கும், செய்யட்டுமா என்று கேட்டது. ஜனம் வரிசையில் நிற்கும்போது நீ கத்துவாயே, "இன்னா கேட்டாலும் ஓகே அமுத்து, போய்க்கினே இரு" என்று? இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அமுத்தினேன். ஃபார்மட் என்றால் மொத்தமாக அழிப்பது என்று அப்புறம்தான் தெரிந்தது.

ரிப்பேர்காரர் சாயங்காலம்வரை மல்லுக்கட்டினார். "நோண்டிப் பாத்துட்டேன்க்கா, ஒண்ணும் தேறல" என்று எழுந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து அழுதேன். உனக்காகக்கூட அப்படி அழவில்லை.

உன் அண்ணனிடம் சொன்னேன். "மிஷினு பேஜாராயிடுச்சுனு சொல்லிக்கலாம். நீ கம்முனு இரு. ஊரே உன்ன வாயில போட்டு மெல்லும்" என்றார்.

இன்று காலை அவர் படகில் ஏறிப் போய் என் போனில் படம் எடுத்தேன். சாம்பல் தண்ணீர்தான் விழுந்தது. எத்தனை எடுத்தாலும் இனி அதுதான் விழும். இந்தத் தண்ணீர் ஒரு காலத்தில் பச்சையாக இருந்தது என்று இனி யார் நம்புவார்கள்?

மாமா, திங்கட்கிழமை நான் எழுந்து நிற்பேன். அழித்தது நான்தான் என்பதை முதலில் சொல்வேன். அப்புறம் அந்தப் படங்களில் நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொல்வேன். யார் சிரித்தாலும் உட்கார மாட்டேன்.

இப்படிக்கு,
ஓகே அமுத்திய உன் பெண்டாட்டி,
செல்வி